லிமா தொலைத்த எழுத்து

பெரு நாட்டுத் தலைநகரின் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. லிமா என்று நாம் சொல்கிறோம். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்பானியர்கள் வந்து இறங்கியபோது அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் ரிமக். தலையில் இருந்த ரகரம் லகரமாயிற்று. கடைசியில் நின்ற ஒற்று, தொண்டைக்குள் வெகு ஆழத்தில் பிறக்கும் ஒரு ககரம், உதிர்ந்தே போயிற்று. ஓர் ஒற்றெழுத்துதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சொல்லின் உயிர் அதில்தான் இருந்தது.

ஆண்டிஸ் மலை மக்களின் மொழியான கெச்சுவாவில் ‘ரிம’ என்றால் பேசு. அதன் வாலில் அந்தக் ககர ஒற்றைச் சேர்த்தால் ‘ரிமக்’, பேசுவது, பேசுபவர். நம் இலக்கணத்தில் வினைமுதற்பொருள் விகுதி என்று ஒன்று உண்டு. மரங்கொத்தி, வழிகாட்டி, கதைசொல்லி என்று வரும் சொற்களின் கடைசி இகரம் அதுதான். கொத்து என்ற வினையைக் கொத்தும் பறவையாக மாற்றுவது அந்த ஓர் இகரம். கெச்சுவாவில் அந்த வேலையைச் செய்வது தொண்டைக் ககரம். அதன்படி ரிமக் என்பதற்கு நேர்த் தமிழ் ‘சொல்லி’. அந்தப் பள்ளத்தாக்கில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் ஒரு தெய்வம் இருந்தது; மனித உருவில் இருந்த அதனால்தான் இடத்துக்கே அந்தப் பெயர் வந்தது என்று பழைய வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ தெ லா வேகா எழுதிவைத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் குறிசொல்லி என்பதே பொருத்தமான தமிழ்.

1535 ஜனவரி 18 அன்று ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசார்ரோ அங்கே நகரம் அமைத்தபோது வைத்த பெயர் வேறு: ‘அரசர்களின் நகரம்’. பத்திரங்களில் அந்தப் பெயர் நெடுநாள் வாழ்ந்தது, வாய்களில் வாழவில்லை. மக்கள் பள்ளத்தாக்கின் பெயராலேயே ஊரைக் கூப்பிட்டார்கள். கடற்கரைக் கெச்சுவாவில் ரகரத்தின் இடத்தில் லகரம் ஒலித்தது. சொல்லின் கடைசியில் வரும் தொண்டைக் ககரம் ஸ்பானிய நாக்குக்குப் பழக்கமில்லாதது. இப்படித்தான் ரிமக் லிமாவாயிற்று. வேடிக்கை என்னவென்றால், நகரத்தின் நடுவே ஓடும் ஆறு பழைய பெயரோடுதான் ஓடுகிறது: ரீமாக். ஒரே சொல் தண்ணீரில் முழுசாகவும் கரையில் குறையாகவும் கிடக்கிறது.

அந்தக் ககரம் தேய்ந்த இடத்தைப் பார்த்தாயிற்று. அது தேயாமல் நிற்கும் இடத்துக்குப் போக, கடற்கரையை விட்டு ஆண்டிஸ் மலை ஏற வேண்டும். இன்கா அரசின் தலைநகர் குஸ்கோவுக்குப் போகும் பழைய வழியில், குஸ்கோவை நெருங்கும் முன் லீமாதம்போ என்று ஓர் ஊர் வரும். தம்போ என்பது கெச்சுவாவில் தாம்பு, வழிச்சத்திரம். லீமா என்பது நம் ரிமக்கேதான்: பேசுவதன் பக்கத்துச் சத்திரம். இங்கே பேசியது யார்? சத்திரத்துக்கு அப்பால், மலை இரண்டாகப் பிளந்தது போன்ற பள்ளத்தில் ஓடும் ஆறு. பெயர் அபுரிமாக்.

அபு, ரிமக். 1608இல் லிமாவில் அச்சான கோன்சாலேஸ் ஓல்கினின் அகராதி அபு என்பதற்குப் பெரிய தலைவன், மேல்நீதிபதி என்று பொருள் தருகிறது. இன்று குஸ்கோ வட்டாரத்தில் அபு என்றால் மலைத்தெய்வம்; அவுசங்காத்தே, சல்கன்தாய் போன்ற பனிச்சிகரங்களை அபு என்ற முன்னொட்டோடுதான் கும்பிடுகிறார்கள். கார்சிலாசோ இந்த ஆற்றின் பெயருக்குப் ‘பேசும் தலைவன்’ என்று பொருள் எழுதினார். நான் தமிழில் சொல்வதானால் பேசும் பெருமான் என்பேன். பெருமான் என்ற சொல்லில் அரசனும் இருக்கிறான், தெய்வமும் இருக்கிறது, அபுவிலும் அப்படியே.

பயண நூல்கள் எல்லாம் ஆற்றின் இரைச்சலால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடும். இரைச்சல் உண்மைதான். ஆனால் இரைந்து ஓடும் ஆறுகள் ஆண்டிஸில் நூறு இருக்க, ஒன்றை மட்டும் ஏன் அபு என்று கூப்பிட வேண்டும்? விடை ஸ்பானியப் படையோடு வந்த பெத்ரோ பிசார்ரோ 1571இல் எழுதிய நினைவுக்குறிப்பில் இருக்கிறது. இந்த ஆற்றங்கரையில் ஒரு குறிசொல்லும் கோயில் இருந்தது. வண்ணம் பூசிய மண்டபம், அதற்குள் பெண்ணின் மார்போடு கூடிய ஒரு மரத்தூண், அதற்குப் பொன் கச்சை. அதற்குக் காவல் இருந்தவள் இன்கா குலத்துப் பெண். ஸ்பானியர் வந்து எல்லாம் குலைந்த பிறகு அவள் செங்குத்தான பாறையின் உச்சியிலிருந்து, அபுரிமாக்கின் பெயரைக் கூவி அழைத்தபடி, ஆற்றுப் பள்ளத்தில் விழுந்து உயிரை விட்டாள். இதைப் படித்த பிறகு ‘இரைச்சலால் வந்த பெயர்’ என்ற விளக்கம் எனக்கு நாவில் ஒட்டவில்லை. அவர்கள் ஆற்றின் ஓசையைக் கேட்டு வியந்து பெயர் வைத்ததாகத் தோன்றவில்லை. அதைக் கேள்வி கேட்டார்கள், விடைக்குக் காத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஆறு கடைசிவரை இந்தப் பெயரோடு ஓடுவதில்லை. மாண்டாரோ வந்து சேர்ந்ததும் ஏனே. பெரேனே சேர்ந்ததும் தாம்போ. உருபாம்பா சேர்ந்ததும் உகயாலி. மாரன்யோன் சேர்ந்ததும் அமேசான். உலகத்தின் பெரிய ஆறு தன் தலைப்பகுதியில் பேசும் பெருமானாக இருக்கிறது என்பதை நிலப்படத்தில் விரல் வைத்து மேலே மேலே போனால்தான் காண முடியும்.

குஸ்கோவிலிருந்து வடமேற்கே போகும் அரசவழி இந்தப் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். ஆழத்தில் ஓடம் நிற்காது. தாண்டியது ஒரு தொங்குபாலத்தில். குராவாசிக்குப் பக்கத்தில், இரு பக்கமும் சுவர் போல நிற்கும் பாறைகளுக்கு நடுவே அது தொங்கிற்று. 1860களின் நடுவில் அதைத் தாண்டிய அமெரிக்கர் எஃப்ரைம் ஜார்ஜ் ஸ்குவையர் அளவெடுத்தார்: நீளம் 148 அடி, நடுவில் தொய்ந்த இடத்திலிருந்து தண்ணீர் 118 அடி கீழே. மீட்டரில் சுமார் 45, சுமார் 36. எஃகு வடத்தில் ஆயிரம் மீட்டர் தாண்டும் இன்றைய பாலங்களை மனத்தில் வைத்து இதை அளக்கக் கூடாது. இதில் இரும்பு ஒரு துண்டு கிடையாது. ஸ்குவையர் பார்த்தபோது வடங்கள் கற்றாழை நாரில் முறுக்கியவை. கார்சிலாசோவின் காலத்தில் வளையும் மிலாறுக் கொம்புகளைப் பின்னியவை, ஆளின் உடல் பருமன். கரையின் கல்மேடையில் குறுக்கே கிடக்கும் உத்திரங்களில் வடத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நடைதளம் தனியாக மட்டமாக இல்லை. வடத்தின் மேலேயே குச்சிகள் பரப்பியது. அதனால் ஏறுகிறவர் முதலில் இறங்க வேண்டும், பிறகு ஏற வேண்டும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று எழும். பாலம் தூளி போல ஆடும். காலையிலேயே பாலத்துக்கு வந்து சேரும்படி வழிப்பயணிகள் நாளைக் கணக்குப் பண்ணிக் கிளம்புவார்கள் என்கிறார் ஸ்குவையர். கல்லில் வளைவு கட்டத் தெரிந்த ஸ்பானியர்கள் மூன்று நூற்றாண்டு ஆண்டபோதும் இந்தப் பள்ளத்தை இந்தக் கயிற்றின் மேல்தான் தாண்டினார்கள்.

1560இல் இருபது வயது இளைஞனாகக் கார்சிலாசோ குஸ்கோவை விட்டு லிமா வழியாக ஸ்பெயினுக்குப் புறப்பட்டார். அந்த வழி இந்தப் பாலத்தின் மேல் போயிற்று. அப்பா ஸ்பானியப் படைத்தலைவர், அம்மா இன்கா அரச குலம். அவர் திரும்பி ஊர் பார்க்கவே இல்லை. வயதான காலத்தில், ஸ்பெயினில் உட்கார்ந்து, தாய்மொழியின் ஒவ்வொரு பெயரையும் பிரித்துப் பொருள் சொல்லி எழுதிய நூல் 1609இல் லிஸ்பனில் வெளிவந்தது. அதில் அவருக்கு ஓயாத ஒரு மனக்குறை: ஸ்பானியர்கள் ஓசையைக் கேட்பதில்லை. எடுத்துக்காட்டும் தருகிறார். ஹுவாக்கா என்று அவர்கள் எழுதும் சொல்லை மேலண்ணத்தில் ஒலித்தால் கோயில், புனிதப் பொருள். தொண்டைக்குள் ஒலித்தால் அழுவது. இரண்டையும் ஒன்றாக எழுதி, ஒன்றாகவே படித்து, கோயிலையும் அழுகையையும் குழப்பிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தாலும், பேனாவை ஊன்றி அழுத்தி எழுதியிருப்பார் என்று தோன்றும்.

அவர் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன கிளெமென்ட்ஸ் மார்க்கமுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1853இல் லிமாவிலிருந்து மலையேறி இந்தப் பாலத்தைத் தாண்டிக் குஸ்கோ போனவர். 1864இல் கெச்சுவாவுக்கு இலக்கணமும் அகராதியும் எழுதி வெளியிட்டவர். இடையில் 1860இல் அவர் வந்தது நீலகிரிக்கு. ஆண்டிஸிலிருந்து கிளப்பிய சிங்கோனாக் கன்றுகளை நட இடம் பார்க்க வந்தார். உதகைக்கு மேலே தொட்டபெட்டாவிலும் பிறகு நடுவட்டத்திலும் அந்த மரம் வளர்ந்தது. மலைக்காய்ச்சலுக்கு நம் பாட்டிகள் கொயினா என்று கேட்டு வாங்கிய மாத்திரை அதன் பட்டையிலிருந்து வந்தது. கினா என்றால் கெச்சுவாவில் பட்டை என்பது வழக்கமாகச் சொல்லும் வரலாறு. ஸ்பானியத்தில் புகுந்து, ஆங்கிலத்தில் புகுந்து, நீலகிரியில் கொயினாவாயிற்று. அந்தச் சொல்லைத் தந்த மரம் நீலகிரிக்கு வந்தது, அபுரிமாக் பாலத்தின் மேல் நடந்த ஓர் ஆளின் முயற்சியால்.

அந்தப் பெரிய பாலம் இன்று இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கவனிப்பாரின்றி அறுந்து தொங்கி மறைந்துவிட்டது. அதன் பெயரையும் ஒரு நாவல் மூடிவிட்டது. தார்ன்டன் வைல்டர் பெருவில் கால் வைக்காமலே 1927இல் எழுதிய நாவலில், அறுந்து விழும் இன்காப் பாலத்துக்குப் பிரெஞ்சு அரசப் புனிதர் ஒருவரின் பெயரைச் சூட்டி சான் லூயிஸ் ரெய் பாலம் என்றார். புலிட்சர் பரிசு பெற்ற நாவல். அதற்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்குப் பாலத்தை உலகம் அறிந்தது அந்தக் கற்பனைப் பெயரால்தான்.

ஆனால் அதே ஆற்றில், அங்கிருந்து வெகுதூரம் மேலே, இன்னும் ஒரு பாலம் தொங்குகிறது. குஸ்கோ மாநிலம், கானாஸ் மாவட்டம், கெவே ஊராட்சி. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 3,700 மீட்டர். நீளம் 28 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். முழுக்க முழுக்கப் புல். பெயர் கெஸ்வச்சாக்கா.

சாக்கா என்றால் பாலம். கொலம்பியா, எக்வடோர் எல்லையில் இருக்கும் ரூமிச்சாக்கா, கல்பாலம். ஏணிக்கும் ஆண்டிஸ் சிலுவைக்கும் வழங்கும் சாக்கானா என்ற சொல்லில் இருப்பதும் இந்தச் சாக்காவே, தாண்டுவதற்கான கருவி. இதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் முன்பாதியில்.

கெஸ்வா என்றால் முறுக்கிய புற்கயிறு. கெஸ்வா என்றால் கெச்சுவா மொழியும்தான். இரண்டும் ஒன்று போலக் காதில் விழுவதால், ‘கெச்சுவா என்ற மொழிப்பெயரே கயிறு என்ற சொல்லிலிருந்து வந்தது; சொல்லோடு சொல்லை முறுக்கிப் பேசும் மொழி’ என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. விகுதி மேல் விகுதி ஏறும் மொழி அது, நம் மொழி மாதிரியே. கயிற்று உவமை அழகாகப் பொருந்துகிறது. அழகாக இருப்பதாலேயே பலரும் நம்பிவிட்டார்கள். அந்த விளக்கம் தவறு. எழுத்தில் பார்த்தால் அது தவறென்று தெரியாது. வாயால் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

குஸ்கோ கெச்சுவாவில் தொண்டைக் ககரம் மூன்று வகை. ஒன்று சாதாரணம். இரண்டாவது மூச்சோடு வருவது. மூன்றாவது மூச்சே இல்லாமல், குரல்வளையை இறுக்கி மூடிவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றைச் சட்டென்று உடைத்து விடுவது. புட்டியின் தக்கையைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சொல்லிப் பாருங்கள். மூச்சுக் ககரத்துக்குக் காகிதம் விலகும். உடைப்புக் ககரத்துக்கு அசையாது. காகிதத்தை விலக்கும் கெஸ்வா, மொழி. காகிதத்தை அசைக்காத கெஸ்வா, கயிறு. ஸ்பானிய எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. நம் எழுத்திலும் இல்லை. நான் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன். பேசுகிறவர்களுக்கோ இவை கலத்துக்கும் களத்துக்கும் உள்ள தூரம்.

இன்னொரு வேறுபாடும் பழைய ஓசையில் இருந்தது. மொழிப்பெயர் முதலில் கெச்வா என்றே ஒலித்தது; குஸ்கோப் பேச்சில் அசையின் கடைசிச் சகரம் காலப்போக்கில் மெலிந்து ஸ் ஆயிற்று. கயிறு என்ற சொல்லை வந்து தொட்டது அப்போதுதான். பிற வட்டாரங்களில் இன்றும் கிச்வா என்றே வழங்குவது அதனால்தான். தொமினிக்கன் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் 1560இல் வய்யதோலித் நகரில் அச்சிட்ட இலக்கணமும் சொற்கோவையும்தான் இந்த மொழியின் முதல் அச்சு நூல்கள். அவர் காதில் விழுந்ததும் கிச்சுவா என்றுதான்.

சரி, கயிறு இல்லையென்றால் மொழிப்பெயருக்கு என்ன பொருள்? நிலம். ஆண்டிஸ் மக்கள் மலையை உயரத்தால் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சூடான அடிவாரம் யுங்கா. அதற்கு மேலே இதமான குளிரில் மக்காச்சோளம் விளையும் பள்ளத்தாக்கு கெச்வா. அதற்கு மேலே சூனி. அதற்கும் மேலே புல்லும் பனியுமான பூனா. பெருவின் புவியியலறிஞர் ஹவியேர் புல்கார் விதால் இந்த நாட்டுப்புறப் பெயர்களை வைத்தே நாட்டை எட்டு நிலங்களாகப் பிரித்தார். அவர் கணக்கில் கெச்வா சுமார் 2,300 முதல் 3,500 மீட்டர் வரை. குறிஞ்சி, முல்லை என்று நிலத்துக்குப் பெயர் வைத்து அந்த நிலத்தாருக்கும் பெயர் வைத்த மொழியில் பிறந்த நமக்கு, அடுத்து நடந்ததை விளக்க வேண்டியதில்லை. நிலத்தின் பெயர் அங்கே இருந்த மக்களின் பெயராயிற்று. மக்களின் பெயர் மொழியின் பெயராயிற்று.

கயிறு திரிக்கும் புல்லைக் கவனித்தால் விஷயம் இன்னும் தெளியும். அது கெச்வா நிலத்தில் விளைவதில்லை. கோயா என்று அழைக்கப்படும் அந்த முரட்டுப் புல் உயரத்துக் குளிரில், மக்காச்சோளம் பிழைக்காத இடத்தில் முளைப்பது. பாலமே 3,700 மீட்டரில், கெச்வாவின் மேல்விளிம்பைத் தாண்டி நிற்கிறது. ஆக, ஒரு கெஸ்வா சோளக்கொல்லையைச் சேர்ந்தது. மற்றது புல்மேட்டைச் சேர்ந்தது. இரண்டும் சந்தித்தது குஸ்கோக்காரர்களின் வாயில்.

அந்தக் கெச்வா மக்கள் வாழ்ந்தது எங்கே? அபுரிமாக்குக்கு மேற்கே, அபன்காய்ப் பக்கத்தில். குஸ்கோவிலிருந்து பெரிய பாலத்தைத் தாண்டிக் கால் வைத்தால் அவர்கள் நாடு நெருங்கிவிடும். கயிற்றின் மேல் நடந்து போனால் மொழிக்குப் பெயர் தந்த மண் வரும். இதைக் கண்டபோது, தவறான விளக்கம் சொன்னவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில் கெஸ்வச்சாக்காவை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். ஊயிஞ்சிரி, சௌப்பிபந்தா, சோக்காய்வா, கொல்லானா கெவே என்று நான்கு ஊர்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குக் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். இன்கா காலத்தில் இது அரசுக்குச் செய்யும் முறைவேலை. மித்தா என்பார்கள், முறை என்றே பொருள். ஏரி மதகுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போன நம் குடிமராமத்து நினைவுக்கு வருகிறது. கேட்க அரசு இல்லாமற்போய் ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது, முறை நிற்கவில்லை.

கோயாப் புல்லை அறுத்து, உலர்த்தி, கல்லில் அடித்து, தண்ணீரில் நனைக்கிறார்கள். நனைந்தால்தான் முறியாது. பெண்கள் உட்கார்ந்து ஒரு பிடி புல்லை இரு கூறாக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி, தீர்ந்த இடத்தில் அடுத்த பிடியைச் செருகி நீட்டிக்கொண்டே போவார்கள். இதை முதலில் ஒரு காட்சிப்பதிவில் பார்த்தபோது என் கை தானாகவே அசைந்தது. கதிர்க்கட்டுக்கு வைக்கோற்புரி திரிக்கும் என் தாத்தாவின் கை அது. பழைய தாள் நொறுங்கும். முந்தின நாளே தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி வைப்பார். ஒரு காலால் ஒரு முனையை மிதித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துத் தேய்த்து, புதுத்தாளை எங்கே செருகினார் என்று கண்ணுக்குத் தெரியாமல் செருகுவார். புரி என்பது நமக்கு முறுக்குவதும் முறுக்கிய பொருளும். அவர்களுக்கு அந்தச் சிறுகயிறு கெஸ்வா, உடைப்புக் ககரத்தோடு. பல கெஸ்வாக்களைச் சேர்த்து முறுக்கினால் கெஸ்வஸ்கா. ‘ஸ்கா’ செய்யப்பட்டது என்று காட்டும் விகுதி: முறுக்கப்பட்டது. கெஸ்வஸ்கா மூன்றைப் பின்னினால் துரோ என்னும் வடம். சரடு, கயிறு, வடம் என்று நம்மிடம் படிப்படியாகப் பருப்பது போலவே.

வடத்தை இழுக்கும் நாள்தான் கூட்டத்தின் நாள். கரைக்கு இத்தனை பேர் என்று நின்று, தேர்வடம் பிடிப்பது போல ஒரே மூச்சில் இழுத்துக் கல்மேடையில் இறுக்குவார்கள். அடியில் நான்கு வடம், பிடித்துக்கொள்ள மேலே இரண்டு. மேலே இருப்பதன் பெயர் மாக்கி. மாக்கி என்றால் கை. பழைய பாலத்தை வெட்டிவிட்டால் அது புல்லாகவே ஆற்றோடு போய்விடும்.

இதே கானாஸ் மண்ணில்தான் 1780இல் இரண்டாம் தூபாக் அமாரு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தார். 1781 மே 18 அன்று குஸ்கோ சதுக்கத்தில் அவரையும் குடும்பத்தையும் கொன்றார்கள். தீர்ப்பை எழுதிய ஹொசே அந்தோனியோ தெ அரேச்சே உடலோடு நிற்கவில்லை. கெச்சுவா மொழியையும் ஒழிக்கும்படி எழுதினான். அடுத்த ஆண்டு கார்சிலாசோவின் நூலுக்கும் தடை வந்தது. ரிமக் என்றால் பேசுபவர் என்று விளக்கிய நூல் அது. பேசக் கூடாதென்று ஆணை போட்ட மொழியைப் பெரு அரசு ஆட்சிமொழியாக ஏற்றது 1975இல். 2017 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 37 லட்சத்துக்கும் மேல். ஆணைக்கும் ஏற்புக்கும் நடுவில் இருக்கும் 194 ஆண்டுகளும் ஜூனில் புல் அறுத்தவர்களின் வாயில் அந்த மூன்று ககரமும் பிசகாமல் இருந்தன. யுனெஸ்கோ 2013இல் இந்தப் பாலம் புதுப்பிக்கும் அறிவையும் சடங்கையும் மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இருப்பது பாலம் அல்ல, கட்டும் அறிவு. அந்தத் தேர்வு மிகச் சரி.

2020 ஜூனில் கொரோனாவால் கட்ட முடியவில்லை. ஒரு வருஷம் தாண்டிய புல் எவ்வளவு தாங்கும்? 2021 மார்ச்சில் பாலம் அறுந்து ஆற்றில் விழுந்தது. அந்த ஜூனிலேயே நான்கு ஊரும் கூடி மீண்டும் கட்டின.

வடம் இறுகியதும் கூட்டத்தின் வேலை முடிகிறது. மிச்சத்தைச் செய்ய ஆற்றின் மேல் போகிறவர்கள் சிலர் மட்டும். அவர்களுக்குப் பெயர் சாக்காருவக். சாக்கா, பாலம், ருவ, செய், கடைசியில் அந்தத் தொண்டைக் ககரம். பாலம்செய்பவர். லிமா உதிர்த்த விகுதி இங்கே அன்றாடப் பேச்சில் கிடக்கிறது. கரைக்கு ஒருவராகத் தொடங்கி, வடத்தின் மேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அடிவடத்தையும் மாக்கியையும் சிறுகயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டே இருவரும் நடுவை நோக்கி நகர்கிறார்கள். நடுவில் சந்திக்கும்வரை அவர்களுக்கு அடியில் வெறும் காற்று. அதற்கும் கீழே அபுரிமாக்.